உப்புக் கரித்த பால்

"கொஞ்சம் நாக்குல வச்சுப் பாரேன்."

"எதை?"

"இதைத்தான். இடது பக்கத்துப் பால். உப்புக் கரிக்குது."

தார்யே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். குன்வோர் சமையலறை மேசையில் இரண்டு சின்னக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பால் பம்ப். கதவோரக் கூடையில் இரண்டு மாதக் குழந்தை ரூனா புட்டிப்பால் குடித்த அயர்ச்சியில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே கடலிலிருந்து வந்த காற்று, வயலுக்கு அடித்த சாணி உரத்தின் வாடையை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

"வலது?"

"சர்க்கரைத் தண்ணி மாதிரி. ரெண்டும் ஒரே உடம்புலேர்ந்துதானே வருது? அதெப்படி?"

தார்யே முதலில் வலது கிண்ணத்தில் சுண்டுவிரலைத் தோய்த்தான், பிறகு இடதில். பரம்பரைப் பால்காரன். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"மடிநோய்ப் பால்."

"அது எனக்கும் தெரியும். ஏன் கரிக்குதுன்னு கேட்டேன்."

"மாட்டுக்கும் அப்படித்தான் கரிக்கும். ஏன்னு எங்கப்பா சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல."

"உங்க வீட்டுல யாருமே எதையும் கேக்க மாட்டீங்க."

ஈஸ்டர் விடுமுறை தொடங்கிய அன்று குன்வோருக்கு இடது மார்பு கல் போல இறுகிவிட்டது. பால் கட்டி, சிவந்து, காய்ச்சலில் பல் கிட்டியது. எல்லா அலுவலகமும் பூட்டிக் கிடந்த நாள். நகரத்து அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பென்சிலின் மாத்திரை எழுதிக்கொடுத்து, "அந்தப் பக்கத்தை நல்லா காலி பண்ணிட்டே இருங்க" என்றார். காலி செய்த பாலை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்பது இவர்கள் எண்ணம்.

திரும்பி வரும்போது காரில் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தகவல் தாளைத் தார்யே உரக்கப் படித்தான். இந்த மருந்து சிறிதளவு தாய்ப்பாலில் கலக்கும் என்று ஒரு வரி. வேறு யாராவது படித்திருந்தால் 'சிறிதளவு' என்ற சொல்தான் காதில் விழுந்திருக்கும். பால்பண்ணையில் வளர்ந்த காதுக்கு 'பாலில் கலக்கும்' என்பது மட்டும் கேட்டது. சில வருடங்களுக்கு முன்னால் ஊசி போட்ட பசு ஒன்றின் பால் தவறிப்போய்ப் பெரிய தொட்டியில் சேர்ந்துவிட்டது. தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பால் லாரிக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசவே தார்யேவுக்குக் கூச்சம்.

அதனால் வீட்டுக்கு வந்த உடனே தொழுவத்துக்குப் போய், மருந்து கொடுத்த மாட்டின் காலில் கட்டும் சிவப்புப் பட்டையை எடுத்துவந்து குன்வோரின் மணிக்கட்டில் சுற்றினான்.

"இனி உன் பால் தொட்டிக்குப் போகக்கூடாது."

"போடா மாட்டுக்காரா!" என்று காய்ச்சலோடு சிரித்தாள் அவள்.

சிரித்தாளே தவிர, பாலைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. மருந்து இடது வலது பார்த்தா போகும்? இரண்டு பக்கமும் பம்ப் வைத்து எடுத்து எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். ரூனாவுக்குக் கடைப் பால்மாவு. குன்வோருக்கு அதில் பெரிய வருத்தமும் இருக்கவில்லை. சீம்பால் கொடுத்தாகிவிட்டது, முக்கியமான வேலை முடிந்தது, மருந்து தீர்ந்ததும் பழையபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் இடது மார்பில் ஒரு கட்டி கரையவில்லை. பம்பில் விழும் பால் வேளைக்கு வேளை குறைந்துகொண்டே வந்தது. நேற்று ஆசைக்கு ஒரு தரம் ரூனாவை நெஞ்சோடு அணைத்தாள். குழந்தை மூக்கால் தேடிவிட்டு, புட்டி எங்கே என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக் கத்தியது. அதிலிருந்துதான் குன்வோருக்குப் பயம் பிடித்தது.

"இப்படியே போனா முழுசா வத்திரும் தார்யே. அப்புறம் எங்கே பழையபடி?"

"அந்தப் பக்கத்தை வத்த விட்டுரு. நம்ம பசு ஃபாகர்லின் மூணு காம்போடதானே கறக்குறா? குறைஞ்சா போயிட்டா?"

"எனக்கு இருக்கறதே ரெண்டு."

பதில் கிடைக்காதபோது தார்யே எப்போதும் ஏதாவது ஒரு கருவியை எடுப்பான். தொழுவத்துக்கு ஓடினான், நான்கு குழி வைத்த பிளாஸ்டிக் தட்டோடும் ஊதாநிறத் திரவத்தோடும் வந்தான். காம்புக்கு ஒரு குழி என்று பசுவின் பாலைப் பீச்சி, திரவத்தை விட்டுச் சுழற்றினால் நோய்ப்பால் மட்டும் கட்டிக்கொள்ளும்.

"அதைக் கழுவினியா?"

"வெந்நீர்ல."

"எதுக்கு அது?"

"கேட்டுக்கிட்டே இருந்தேல்ல, பார்த்துருவோம்."

ஒரு குழியில் வலதுபக்கப் பால், ஒன்றில் இடது. திரவத்தை விட்டுத் தட்டை மெதுவாகச் சுழற்றினான். இருவர் தலையும் முட்டிக்கொண்டன. வலது குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. இடது குழியில் முட்டை வெள்ளை போல ஜவ்வாகிக் குழியோடு ஒட்டிக்கொண்டது.

"பார்த்தியா!" என்றான் தார்யே, பந்தயத்தில் ஜெயித்தவன்போல.

"அச்சோ," என்றாள் குன்வோர். "நிஜமாவே நான் மாடுதான்."

அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டாமலே மாக்னில் உள்ளே வந்தாள். அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர். மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஃபாகர்லினுக்கு மறுபடி மடி வீங்கியிருக்கிறது என்று காலையில் தார்யேதான் அழைத்திருந்தான். ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராக மேசைக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தட்டு.

"நல்லாவே கட்டியிருக்கே. எந்த மாடு?"

"நான்தான்," என்றாள் குன்வோர்.

"எந்தக் காம்பு?"

"இடது."

"முன்னதா, பின்னதா?" என்று கேட்ட பிறகுதான் மாக்னிலுக்கு உறைத்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது குன்வோரின் கையில் இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது என்ன கூத்து?"

"மாத்திரை சாப்பிடறாள்ல. பாலை விலக்கி வைக்கற நாள்," என்றான் தார்யே.

"யாருக்கு விலக்கு?"

"ரூனாவுக்குத்தான். வேற யாரு குடிக்கிறா இவ பாலை?"

"யார் சொன்னது விலக்கணும்னு?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் சொல்லல," என்றாள் குன்வோர் மெதுவாக. "சொல்லணுமா என்ன? மருந்துன்னா விலக்குதானே?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"தரையில கால் வைக்கலாமான்னு யாராவது டாக்டர்கிட்ட கேப்பாங்களா?" என்றான் தார்யே.

மாக்னில் அவன் காதைத் திருகப் போவதுபோல எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். "இதோ பாரு, ரெண்டு கால் ஜீவனுக்கு நான் வாயைத் தொறந்தா என் உரிமத்தைப் புடுங்கிருவாங்க. தாய்சேய் நிலையம் இன்னைக்குத் திறந்திருக்கும். ஒட்னியைக் கூப்பிடு. போனை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை. நானும் தெரிஞ்சுக்கணும்."

ஒட்னி தாய்சேய் நிலையத்துச் செவிலியர். ரூனா பிறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்து எடை பார்த்தவள். குன்வோர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: கட்டி, காய்ச்சல், மாத்திரை, பட்டை, கொட்டிய பால். கடைசியாக மாத்திரையின் பெயர்.

"கொட்டினியா?" என்றது ஒட்னியின் குரல். "எல்லாத்தையும்?"

"பூனை கொஞ்சம் குடிச்சுது."

"பூனை கெட்டிக்காரப் பூனை. குன்வோர், அந்தப் பாலை ரூனாவுக்குக் கொடுக்கலாம். கொடுத்திருக்கலாம். இந்த மருந்துக்குப் பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல."

தார்யே மேசையருகே குனிந்தான். "பால்ல கலக்கும்னு போட்டிருக்கே."

"யாரது, தார்யேவா? கலக்கும். துளி. நாளைக்கே ரூனாவுக்குக் கிருமி ஏதாவது வந்தா, இதே வகை மருந்தை அவ வாயிலயே டாக்டர் கொடுப்பார். பால் வழியா போறது அந்த அளவுக்குப் பக்கத்துலகூட வராது. வயிறு கொஞ்சம் இளகலாம், அவ்வளவுதான்."

"அப்போ எங்க தொட்டிக்கு மட்டும் ஏன் அவ்வளவு கெடுபிடி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் மாடு மேய்க்கிறவளா?"

"அது நான் சொல்லலாம்," என்று மாக்னில் முந்திக்கொண்டாள். "தொட்டிப் பால் ஊருக்கே போகுது. யாருக்கு ஒவ்வாமை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதோட பால்ல மருந்து இருந்தா சீஸ் உறையாது, உறைய வைக்கிற நல்ல கிருமியும் செத்துரும். குன்வோர் பாலை யாரும் சீஸ் பண்ணப் போறதில்ல."

"தார்யே பண்ணாலும் பண்ணுவான்," என்றாள் குன்வோர்.

"கரிக்கிறது?" என்று உடனே போன் பக்கம் திரும்பினாள். "இடது மட்டும் கரிக்குதே, ஒட்னி? தட்டுல ஜவ்வு ஆகுது."

"தட்டுலயா? என்ன தட்டு?"

சொன்னார்கள். ஒட்னி சிரித்த சிரிப்பில் கூடைக்குள் ரூனா அசைந்தது.

"வீக்கம் இருக்கிற இடத்துல சுவர் லேசா விட்டுப்போகும்னு வச்சுக்கோ. ரத்தத்துல இருக்கிற உப்பு பாலுக்குள்ள கசியும். அதனால கரிப்பு. ஜவ்வு ஆனது, சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள். அது விஷம் இல்ல, உன் காவல்படை. குழந்தைக்கு ருசி பிடிக்காம போகலாம், கெடுதல் கிடையாது."

"சீம்பால் கொடுத்தாச்சே, பெரிய நஷ்டம் இல்லைன்னு நினைச்சேன்."

"ஏன் அப்படி நினைச்சே?"

குன்வோருக்கு இது தெரிந்த பாடம். "கன்னுக்கு அப்படித்தானே? வயித்துல இருக்கும்போது தாய்கிட்டேயிருந்து எதிர்ப்புச் சக்தி ஒண்ணும் போகாது. எல்லாம் சீம்பால்லதான். பிறந்த அன்னைக்கே குடிச்சாகணும். அப்புறம் குடல் கதவு மூடிக்கும். மூடினப்புறம் என்ன கொடுத்தாலும் ரத்தத்துல ஏறாது. சீம்பால் கிடைக்காத கன்னு நின்னு பிழைக்கிறதே கஷ்டம்."

"அப்படியா!" ஒட்னியின் குரலில் நிஜமான ஆச்சரியம். "எனக்கு இது தெரியாதே. ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

"நம்ம ஆளுங்க வேற மாதிரி. கொஞ்சம் வயித்துலயே கொடுத்து அனுப்பிடறோம். மிச்சத்தைப் பால்ல கொடுக்கிறோம், ஒரு நாளோட நிக்கிறதில்ல, கொடுக்கிற வரைக்கும். அது ரத்தத்துல ஏறவே வேண்டாம். தொண்டையிலயும் குடல்லயும் பூசின மாதிரி படிஞ்சு நிக்கும். அதனாலதான் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு வயித்துப்போக்கு, காதுவலி, நெஞ்சுச்சளி எல்லாம் குறைவா வருது. வராதுன்னு சொல்லல. குறைவா வருது. உங்க வீட்டுல இப்ப யாருக்காவது இருமல் இருக்கா?"

தார்யே அப்போதுதான் இருமி முடித்திருந்தான்.

"கேட்டுது," என்றாள் ஒட்னி. "அவன் இருமறதுக்கு உன் உடம்பு மருந்து தயார் பண்ணும். அது பால்ல வரும். போன வாரத்துப் பாலும் இந்த வாரத்துப் பாலும் ஒண்ணு இல்ல."

குன்வோர் மேசையில் இருந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொட்டியதெல்லாம் அவள் கண்ணில் ஓடுவது மாக்னிலுக்குத் தெரிந்தது. கையை நீட்டி அவள் மணிக்கட்டிலிருந்த சிவப்புப் பட்டையை உரித்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது ஃபாகர்லினுக்கு வேணும்."

"கன்னுக்கு என்ன லாபம்னு புரிஞ்சுது," என்றாள் குன்வோர். "பசுவுக்கு என்ன லாபம்?"

"கன்னு முட்டி முட்டிக் குடிச்சா கருப்பை சுருங்கும், நஞ்சுக்கொடி சீக்கிரம் விழும்," என்றாள் மாக்னில்.

"உனக்கும் அதேதான்," என்றாள் ஒட்னி. "முதல் வாரத்துல ரூனா குடிக்கும்போதெல்லாம் அடிவயித்தைப் பிசைஞ்சிருக்குமே? அது கருப்பை பழைய அளவுக்குப் போறது. ரத்தப்போக்கு குறையும். நாள்பட்டுப் பார்த்தா, பால் கொடுத்தவங்களுக்கு மார்புப் புற்றும் கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றும் கொஞ்சம் குறைவா வருது, சர்க்கரை நோயும்தான். ஊர் ஊரா எண்ணிப் பார்த்துச் சொன்னது. ஆனா தனி ஒருத்திக்கு நான் சத்தியம் பண்ணித் தர முடியாது."

"எங்கம்மாவுக்கு மார்புலதான் வந்தது," என்றாள் குன்வோர். "இடது பக்கம். நல்லாத்தான் இருக்காங்க இப்ப. ஆனா இந்தக் கட்டியைத் தொட்டப்போ..."

"நினைச்சேன். வத்த விட்டா சீழ் பிடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. குழந்தை குடிச்சாத்தான் அது இளகும், பம்பால அவ்வளவு முடியாது. குடிக்கட்டும். அப்பவும் கரையலைன்னா தள்ளிப் போடாம என்கிட்ட வா, ஸ்கேன் பண்ணிப் பார்த்துருவோம். சரியா? இப்ப மாத்திரையை நிறுத்திடாதே. முடியற வரைக்கும் போடு."

"அவளுக்கு நான் வேண்டாமாம், ஒட்னி. புட்டி போதுமாம். நேத்து என்னைப் பார்த்துக் கத்தினா."

"பசி உச்சத்துக்குப் போற முன்னாடி, தூக்கக் கலக்கத்துல எடு. சட்டை இல்லாம நெஞ்சுமேல போட்டுக்கோ. முதல்ல கையால கொஞ்சம் பீச்சி விடு, கரிப்பும் போகும், வாயில உடனே பாலும் வரும். கட்டாயப்படுத்தாதே. வேண்டாம்னா விட்டுட்டு மறுபடி முயற்சி பண்ணு. புட்டி கொடுக்க வேண்டி வந்தா அதுவும் பாவம் இல்ல, அவ பட்டினி கிடக்கக்கூடாது. சாயங்காலம் என்னாச்சுன்னு சொல்லு. அந்தத் தட்டையும் ஒரு நாள் கொண்டுவந்து காட்டு."

போனை வைத்ததும் கூடையில் சிணுங்கல் கேட்டது. தார்யே பழக்கத்தில் எழுந்து புட்டியை எடுத்தான்.

"அதை வை," என்றாள் குன்வோர்.

மாக்னில் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். "என் நோயாளி எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும். நீ இங்கயே இரு, தார்யே."

குன்வோர் சட்டையைக் கழற்றிவிட்டு, கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். தார்யே குழந்தையின் உடையை உருவி அவள் நெஞ்சில் கிடத்தினான். இடது பக்கம் கையால் கொஞ்சம் பீச்சினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரூனாவின் வாய் தேடியது, பிடித்தது, ஒரு இழுப்பு இழுத்தது. முகம் எலுமிச்சை நக்கியதுபோலச் சுருங்கியது. வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து தாயைப் பார்த்த பார்வையில் அப்படியொரு குற்றச்சாட்டு.

"கரிக்குதாம்," என்றான் தார்யே.

"எனக்குத் தெரியாதா? பேசாம இரு."

குழந்தை அழத் தொடங்கியது. முதலில் சின்னதாக, பிறகு வீடு அதிர. தார்யேவின் கை புட்டிக்குப் போய்த் திரும்பியது. மறுபடியும் போனது.

"குன்வோர், கொடுத்துரவா?"

"இன்னும் கொஞ்சம் பாரு."

"பட்டினி கிடக்கக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"இப்பதான் குடிச்சு எழுந்திருச்சிருக்கா. பட்டினி இல்ல இது. கோபம்." அவள் குழந்தையை நெஞ்சின் நடுவே வைத்துக்கொண்டு முதுகை நீவினாள். "கோபப்படு. நியாயம்தான். உன் சாப்பாட்டை எடுத்துச் சாக்கடையில ஊத்தினவங்க நாங்க. உங்கப்பன் உன்னை ஒரு தொட்டின்னு நினைச்சுட்டான்."

"நான் மட்டுமா நினைச்சேன்?"

"நானும்தான். சரி, ரெண்டு பேரும்."

அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. அடங்கியபோது குழந்தையின் தலை தானாக இடது பக்கம் சரிந்தது. குன்வோர் அசையவில்லை. மூக்கு உரசியது. வாய் திறந்தது. இந்த முறை நன்றாக ஆழப் பிடித்தது. மறுபடி முகத்தைச் சுருக்கியது, ஆனால் விடவில்லை. தாடை மேலும் கீழும் போக, காதுமடல் அசைந்தது.

தார்யே மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டான். சப்பும் சத்தம் மட்டுமா, விழுங்கும் சத்தமும் உண்டா என்பதைக் கன்றுகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

"முழுங்கறா," என்றான் கிசுகிசுப்பாக. "கேளு. முழுங்கறா!"

குன்வோருக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து ஏதோ ஊசி ஊசியாக இறங்கியது. யாரும் தொடாத வலது பக்கத்தில் கம்பளி ஈரமானது. பம்பை வைத்துக்கொண்டு எத்தனை தரம் உட்கார்ந்திருப்பாள், இது ஒரு தடவைகூட வரவில்லை. அதன் பின்னாலேயே தொண்டை, பாலைவனத்தில் நடந்து வந்தவள் தொண்டைபோல, ஒரேயடியாக வறண்டது.

"தண்ணி," என்றாள்.

"என்ன?"

"தண்ணி கொண்டா தார்யே, சீக்கிரம்! தாகமா இருக்கு. பால் இறங்கிடுச்சு!"

டம்ளர் எங்கே இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துபோனது. காப்பி ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி, நிரம்ப நிரம்பத் தண்ணீர் பிடித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். அவள் ஒரு கையால் வாங்கி மடக் மடக்கென்று குடித்தாள். மோவாய் வழியாக வழிந்த தண்ணீரில் ஒரு சொட்டு ரூனாவின் நெற்றியில் விழுந்தது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.